புளியங்கொல்லையில் சாகாத நான்கு ஆடுகள்

"பணியில் நேர்மை" என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். போனை வைத்ததும் என் மனைவியிடம் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "உங்களையா? ஊர்ல வேற ஆளே கெடைக்கலயாமா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தோம். அடங்கியபிறகு யோசித்தேன். பொய்யே சொல்லாதவன் நேர்மையைப் பற்றி எழுதினால் அதில் என்ன சுவாரசியம்? மாட்டிக்கொண்டவன் எழுதினால்தானே நாலு பேர் படிப்பார்கள். அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. வெட்டுவதென்றால் சங்கத்தார் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மாட்டு டாக்டர் இல்லை, அவருக்கு அடுத்த ஆள். தடுப்பூசி போடுவது, காதில் எண் வில்லை மாட்டுவது, யார் வீட்டில் எத்தனை உருப்படி என்று பதிவேடு எழுதுவது இதெல்லாம் என் வேலை. ஜவ்வாது மலையில் இந்த வித்தியாசமெல்லாம் செல்லாது. கையில் ஊசி இருந்தால் அவர் டாக்டர். "நான் டாக்டர் இல்லம்மா" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "செரி டாக்டரே" என்றார்கள். விட்டுவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அதுவே என் முதல் பொய்யாக இருக்கலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஓர் எருமை உதைத்தது, ஒரு பேராசிரியர் திட்டினார், இரண்டையும் தாண்டிப் பாஸ் செய்தேன். சமவெளியில் சில ஊர்கள் சுற்றிவிட்டு மலைக்கு மாற்றலானேன். போளூரில் முதல் பஸ் பிடித்து, தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஜமுனாமரத்தூர் போய் இறங்குவேன். அங்கிருந்து புளியங்கொல்லைக்கு நடை. மருந்துத் தூளை அதற்கென்று வரும் கரைசலில் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊசியில் ஏற்றி முடித்துவிட வேண்டும். அதனால் ஆடுகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் கலக்குவேன். ஆட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, முன்னங்காலுக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கி, ஊசியைப் படுக்கப் போட்டு ஒரு மில்லி. ஆடு "மே" என்று கத்தும். அதன் சொந்தக்காரி அதைவிடச் சத்தமாகக் கத்துவாள்.

எங்கள் உதவி இயக்குநர் டாக்டர் சபாபதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கத்தியதை நான் கேட்டதே இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிடுவார், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக் கை கழுவுவார். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை அந்த ஊரில் டீ குடிக்க மாட்டார். நாம் எதைச் சொன்னாலும் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "அப்புறம்?"

அந்த "அப்புறம்" இருக்கிறதே, ஐயோ! ஒருமுறை எங்கள் நண்பர் ஒருவர் முகாமுக்கு வரவில்லை. "பஸ் லேட் சார்" என்றார். "அப்புறம்?" "வழியில டயர் பஞ்சர் சார்." "அப்புறம்?" "ஐஸ் வேற உருகிடுச்சு சார்." "அப்புறம்?" நண்பருக்குச் சரக்கு தீர்ந்துபோனது. "தூங்கிட்டேன் சார்." டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் டீ குடிச்சிருக்கலாம்."

இனி ஆடுகளுக்கு வருகிறேன். அரசுத் திட்டம் ஒன்றில் பெண்களுக்கு மட்டும், ஆளுக்கு நான்கு வெள்ளாடுகள் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் காதில் மஞ்சள் வில்லை மாட்டினேன். மலைப் பெண்கள் அதைக் கம்மல் என்பார்கள். "எனுக்கே கம்மல் இல்ல, ஆட்டுக்குப் போட்டு அனுப்புது கவுருமெண்டு" என்று புளியங்கொல்லை வெள்ளச்சி சொன்னபோது ஊரே சிரித்தது. சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம் அவளுடையது. வாய் நிற்காது. கூட்டத்தில் அவள் இருந்தால் மைக் தேவையில்லை.

அந்த வெள்ளச்சி ஒருநாள் சத்தமே இல்லாமல் ஜமுனாமரத்தூரில் என் கால்நடை மருந்தக வாசலில் வந்து நின்றாள். அவள் சத்தமில்லாமல் நின்றதே எனக்குப் பயமாக இருந்தது.

"டாக்டரே, எம் வூட்டுக்காரருக்குப் பைக்கு பைத்தியம் புடிச்சிக்கிச்சுங்க" என்றாள்.

அவள் புருஷன் சின்னாண்டி கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். ஆனால் போளூரில் யாரோ ஒருவர் பழைய பைக் ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவன் தூங்கவில்லை. நான்கு ஆட்டையும் தள்ளிவிட்டு அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இதில் பெரிய வேடிக்கை, அவனுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

"ரெண்டு ஆடு சினையா கீதுங்க. கொழந்தைங்க படிப்புக்குன்னு அத்ததான் நம்பிக்கினு கீறேன். அதனால அக்கரை ஊர்ல எங்க சின்னம்மா மவகிட்ட வாரத்துக்கு வுட்டுட்டேன். வூட்ல செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். அவுரு நம்பலிங்க. டாக்டரைக் கேக்கறேன்னு கெளம்பறாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

வாரத்துக்கு விடுவது என்றால், ஆட்டை இன்னொருவர் மேய்த்து வளர்ப்பார், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. மலையில் காலகாலமாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் அதைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் வார்த்தை சொல்லித்தான் விடுவார்கள். வெள்ளச்சி தனியாக, யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய் விட்டிருந்தாள். ஊருக்குத் தெரிந்தால் அந்த வாரம் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாள்.

எனக்கு அப்போது நேர்மையைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. பேப்பரில் எழுதினால்தான் பொய், வாயால் சொன்னால் அது வெறும் பேச்சு. பதிவேட்டில் "உயிருடன் உள்ளது" என்று உண்மையை எழுதிவிட்டு, சின்னாண்டியிடம் ஓர் "ஆமாம்" சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பெண்ணுக்கு நல்லதுதானே? சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சின்னாண்டி வந்தான். கண் சிவந்திருந்தது.

"சார், எங்க ஆடு நாலும் போய்ட்ச்சாமே, நெசமா?"

"ஆமாம்பா."

இங்கே வாயை மூடியிருக்க வேண்டும். அவன் கேட்டான்: "எப்டி சார்?"

இத்தனை வருஷம் வேலை பார்த்தவனிடம் ஆடு எப்படிச் செத்தது என்று கேட்டால் சும்மா இருக்க முடியுமா? பாம்பு என்று சொல்லலாம். நான்கையும் வரிசையாக நிற்க வைத்தா பாம்பு கடிக்கும்? விஷச் செடி என்று சொல்லலாம். இந்தப் பருவத்தில் அது முளைக்காதே! ஒரே நாளில் நான்கு ஆடு சாக வேண்டுமென்றால் என்னவாக இருக்கும் என்று என் படிப்பு மும்முரமாக யோசித்தது. யோசித்துச் சரியான பதிலை எடுத்துக் கொடுத்தது.

"ஆட்டுக்கொல்லி நோய்" என்றேன்.

"பொதச்சிட்டீங்களா சார்?"

"பின்ன? ஆழமா குழி எடுத்து, சுண்ணாம்பு கொட்டி, முறைப்படி புதைச்சாச்சு. ஓடைக்கு அந்தாண்ட, அத்திமரத்துப் பக்கம்."

முறைப்படியாம்! அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆட்டுக்கொல்லி என்பது ஒட்டுவார் ஒட்டி. ஓர் ஆட்டுக்கு வந்தால் மந்தைக்கே வரும். இது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும் என்பது மட்டும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் புளியங்கொல்லை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளியங்கொல்லை ஆடு என்றதும் ஆட்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். அதற்கடுத்த நாள் கீழேயிருந்து ஒரு வியாபாரி மினி லாரியோடு வந்தான். எப்படியும் சாகப்போகிற ஆடுதானே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டான். காசி என்று ஒரு பெரியவர், பயத்தில் தன் மூன்று ஆடுகளை அன்றைக்கே ஏற்றிவிட்டார்.

வெள்ளச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். இந்த முறை சத்தம் இருந்தது, மரியாதை போயிருந்தது.

"இன்னாய்யா பண்ணிட்ட நீ? செத்துப்போச்சுன்னுதான சொல்லச் சொன்னேன்? வியாதின்னு எவன் சொல்லச் சொன்னான் உன்ன? ஊரே ஆட்ட வித்துடப் போவுதுய்யா!"

"அவன் எப்படின்னு கேட்டான்மா..."

"கேட்டா? தெரியாதுன்னு சொல்றதுக்கு உனுக்கு வாய் இல்ல?"

தெரியாது என்று சொல்ல எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "நோய் இல்லன்னு நானே ஊர்ல வந்து சொல்லிடறேன்" என்றேன். உடனே குரல் இறங்கிவிட்டது அவளுக்கு. "அப்ப எம் ஆடு எங்கன்னு அவுரு கேப்பாரே. அவ்ளோதான், பைக்காப் பூடும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைக் காப்பாற்றினால் ஊர் ஆடு போகும். ஊரைக் காப்பாற்றினால் அவள் ஆடு போகும். ஒருநாள் பொறு, யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்த ஒருநாளில் யாரோ டாக்டர் சபாபதிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. கடிகாரம் பைக்குள் போனது, சட்டை மடிந்தது, சோப்பு வெளியே வந்தது. பின்சீட்டில் பிரேதப் பரிசோதனைப் பெட்டி இருந்தது. "நோய் வந்தா அன்னைக்கே ரிப்போர்ட் பண்ணணும். பண்ணல. சரி, அத அப்புறம் பாக்கலாம். சாம்பிள் வேணும். குழியைக் காட்டுங்க" என்றார்.

ஊரே திரண்டு வந்தது. பெண்கள் தத்தம் ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பாதையோரத்தில் வியாபாரியின் லாரி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. டாக்டர் நோய்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை ஆடும் அதில் ஏறிவிடும். நான் அத்திமரத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினேன். அந்த நேரத்திலும் நல்ல நிழலான இடமாகப் பார்த்துத்தான் காட்டினேன், பாருங்கள்.

சின்னாண்டியே கடப்பாரையை வாங்கிக்கொண்டான். "எம் ஆட்ட கடைசியா ஒரு தபா பாத்துக்கறேன் சார்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தோண்டினான்.

டாக்டர் குனிந்து மண்ணைப் பார்த்தார். "அஞ்சு நாள்ல புல்லு நல்லா வேர் பிடிச்சிருக்கு."

"மலை மண்ணு சார்" என்றேன்.

"அப்புறம்?"

"மழை வேற பெஞ்சுது சார்."

"அப்புறம்?"

"கொஞ்சம் தள்ளி இருக்கலாம் சார்."

கொஞ்சம் தள்ளித் தோண்டினார்கள். பாறை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி. எறும்புப் புற்று வந்து நான்கு பேர் காலை உதறிக்கொண்டு குதித்தார்கள். மூன்று குழியாகிவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. என் மேலதிகாரி, ஊர்க்கவுண்டர், மொத்த ஊர், எல்லோரும் சேர்ந்து இல்லாத ஆட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்! கூட்டத்துக்கு நடுவில் வெள்ளச்சி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி லாரியைப் பார்த்தபடி தன் ஆட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், குழி இல்ல" என்றேன்.

"அப்புறம்?"

"ஆடு சாகல சார்."

"அப்புறம்?"

"நோயே இல்ல சார். நான் பொய் சொன்னேன்."

இந்த முறை அவர் அப்புறம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க. சத்தமா."

ஊரைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் அச்சில் போடக்கூடியது எதுவும் இல்லை. வியாபாரி சத்தமில்லாமல் லாரிக் கதவைச் சாத்தினான்.

மூன்றாவது குழிக்குள்ளிருந்து சின்னாண்டி எழுந்தான். தலையெல்லாம் மண். "அப்ப எம் ஆடு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பதிவேட்டைப் பிரித்துவிட்டார். விரலை வைத்து வரி வரியாக நிதானமாகப் படித்தார். "யாரோட ஆடு? பயனாளி பேரு வெள்ளச்சின்னு போட்டிருக்கு. சின்னாண்டின்னு இந்தப் பக்கத்துல யாருமே இல்லயே. அந்தம்மா கேட்டா சொல்லலாம். நீங்க கேட்டா எப்படிங்க சொல்றது?"

எனக்குப் பளாரென்று அறைந்தது போல இருந்தது. பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை! சின்னாண்டி என் வாசலில் வந்து கேட்ட அன்றைக்கு "ஆடு உன்னுது இல்லப்பா" என்று இதே புத்தகத்தைத் திறந்து காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதியவனே நான்தான்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். "நானே சொல்றேன். வாரத்துக்கு வுட்டுக்கீறேன். நாலும் நல்லா கீது. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சொன்னா பைக்காப் பூடும்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். சின்னாண்டிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்று ஒருத்தி எடுத்துவிட்டதும் கூட்டமே சிரிப்பில் ஆடியது. கவுண்டர் சிரிக்கவில்லை. ஆம்பளை வார்த்தை இல்லாமல் விட்ட வாரம் செல்லுமா என்று பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளச்சியின் முகம் வெளுத்துவிட்டது. கவுண்டர் டாக்டரைக் கேட்டார்: "பொஸ்தகத்துல அவ பேரு மட்டுந்தான் கீதுங்களா?"

"அவங்க பேரு மட்டுந்தாங்க."

"அப்ப அவ வார்த்தையே போதும். வாரத்துக்கு வுட்ட ஆட்ட குட்டி பிரிக்கிற வரைக்கும் ஒருத்தனும் கேக்கப்படாது. டேய் சின்னாண்டி, கேட்டுச்சா?"

சின்னாண்டி கேட்டுச்சு என்றான். பிறகு குழிக்குள் நின்றபடியே, "சாவல இல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், எறும்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெள்ளச்சி வீட்டில் டீ குடித்தார். ஜீப்பில் ஏறும்போது, "திங்கக்கிழமை மெமோ வரும். மூணு நாள்ல பதில் குடுங்க. நல்ல எண்ணத்துல செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்க. அதுக்கும் அப்புறம்னு கேப்பேன்" என்றார். மெமோ வந்தது. இல்லாத நோயைச் சொன்னது ஒரு குற்றச்சாட்டு. அதனால் காசி என்பவர் மூன்று ஆடுகளை இழந்தது இரண்டாவது. இரண்டையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. என் மனைவி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

காசியின் ஆடுகள் திரும்பவில்லை. அவை அன்றைக்கே கைமாறிப் போய்விட்டன. வேறு குட்டிகள் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "அந்த மூணும் நான் மடியில வெச்சி வளத்ததுங்க. இத ஓட்டிக்கினு போங்க" என்றார். ஓட்டிக்கொண்டு திரும்பினேன். அந்த மலைப்பாதையை நான் அவ்வளவு மெதுவாக வேறு என்றைக்கும் இறங்கியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அடிவாரத்து அமிர்திப் பக்கத்திலிருந்து நிஜமாகவே ஆட்டுக்கொல்லி மலை ஏறியது. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து ஆடுகள் விழுவதை அடுத்த ஊரில் என் கண்ணாலேயே பார்த்தேன். டாக்டர் சபாபதிக்கு அந்த நிமிஷமே போன் போட்டேன். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புளியங்கொல்லைக்கு ஓடினேன். "நோய் வருது, ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வாங்க" என்று தெருத் தெருவாகக் கத்தினேன்.

ஒருவரும் வரவில்லை. வாசலில் உட்கார்ந்தபடி சிரித்தார்கள். "குழி எடுத்தாச்சா டாக்டரே?" என்றான் ஒருவன். "நெசமாவே நோய்ங்க" என்றேன். "அன்னிக்கும் நெசமாத்தான் சொன்ன" என்றார் காசி. அவர் சிரிக்கவில்லை. மீண்டும் இரண்டு ஆடு வாங்கிக் கட்டியிருந்தார். "இந்தவாட்டி எந்த லாரிக்காரன் அனுப்புனான் உன்ன?" என்று கேட்டார்.

பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிடக் கும்பிட அவர்களுக்குச் சந்தேகம்தான் அதிகமானது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வெள்ளச்சி தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். குட்டி பிரித்து, பெருகி, பதினொன்று ஆகியிருந்தது. என் முன்னால் நின்று முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்தாளு பொய் சொன்னா மூஞ்சி எப்டி இருக்கும்னு எனுக்குத் தெரியும். எனுக்காகத்தான சொன்னாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தவ. குழி தோண்டும்போது ஒரு சிரிப்ப உள்ள வெச்சிக்கினு நின்னாரு. இன்னிக்கு அந்த மூஞ்சி இல்ல. ஓட்டிக்கினு வாங்க."

முதல் ஆட்டைத் தன் கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடித்து, "போடு டாக்டரே" என்றாள். மருந்தைக் கலந்தேன். மூன்றாவது ஆட்டுக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, காசி எழுந்து போய்த் தன் ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.